எர்த் குழிக்கு ஒரு வாளித் தண்ணீர்

மெல்போர்னில் என் மகன் வீட்டில் கெட்டில் போட்டால் விளக்கு மங்குவதில்லை. வந்த புதிதில் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கோவையில் எதிர்வீட்டுக்காரர் மோட்டார் போட்டாலே நம் வீட்டு பல்பு அழும். அந்தக் கரண்ட்டை வைத்துத்தான் நான் ஆளானேன்.

ஐந்தாவது தாண்டாதவன் நான். சோமனூரில் தறி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவன், கடைக்குக் கடை கம்ப்யூட்டர் வந்ததும் துணிந்து காந்திபுரத்தில் சர்வீஸ் கம்பெனி போட்டேன். வருஷத்துக்கு ஒரு தொகை கட்டினால் போதும், வீட்டு மெஷினோ கடை மெஷினோ, எப்போது நின்றாலும் எங்கள் பொறுப்பு. படித்த பையன்கள் திணறிய இடத்துக்கெல்லாம் நானே போவேன். பெட்டியைத் தொடமாட்டேன். மின்கசிவை மண்ணில் இறக்கும் எர்த் குழி காய்ந்து கிடக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். நல்லாயிருச்சுங்க என்பார்கள். இலை போட்டுச் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார்கள்.

பக்கத்து வீட்டு மார்கரெட், வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று வேலியோரம் மகனிடம் சொன்னார். அவன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். “ஐ கம்ப்யூட்டர் கம்பெனி ஓனர். நோ ப்ராப்ளம்.” அவர் வீட்டுச் சுவரோரம் எர்த் கம்பி இறங்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஒரு வாளி ஊற்றினேன். பக்கத்தில் ஏதோ பூச்செடி. செடிக்கு ஊற்றியதாக நினைத்து நன்றி சொன்னார். மறுநாள் கம்ப்யூட்டர் எப்படி என்று கேட்டேன். மச் பெட்டர் என்று சிரித்தார்.

அந்த வாரமே அவர் வாசலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேன் நின்றது. என்னைக் கண்டதும் மார்கரெட் வேனில் வந்த ஆளை அவசரமாக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். அப்படியானால் அன்றைக்குச் சொன்ன மச் பெட்டர்? ஊரில் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனனுக்குப் போன் போட்டேன். நான் போய்வந்த இடமெல்லாம் சரியாகத்தானே போனது என்று கேட்டேன்.

“சிலது ஆச்சுங்க மாமா. மீதிப்பேரு எனக்குப் போன் பண்ணுவாங்க. பெரியவரு இத்தன தூரம் வந்தாரு, மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு. நீங்க பஸ் ஏறுனதும் நான் போயிச் சரி பண்ணிப்போட்டு வருவனுங்க.”

“ஏன் மாப்ள எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க சாப்பாட்டப் பத்தியே பேசிக்கிட்டு வருவீங்க. எப்படிங்க சொல்றது?”

இதைப் படிக்கிற உங்களில் யார் யார் வீட்டில் சாப்பிட்டேனோ.

மறுநாள் காலை மார்கரெட் வேலிக்கு அப்பாலிருந்து கையசைத்து, கம்ப்யூட்டர் வெரி குட், தேங்க்யூ என்றார். மகன் என்னைப் பார்த்தான். என் வாய் “வெல்கம்” என்றது. கைகள் ஊர்ப் பழக்கத்தில் அவரைக் கும்பிட்டுவிட்டன.