அருவிக்கரைத் தொண்டை

ஐவி வாயைத் திறந்தால் கொட்டகலை பஸார் பாதி திரும்பிப் பார்க்கும். சண்டைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பிறந்து, வாக்கப்பட்டு, கொழுந்து பறித்து ஓய்ந்ததெல்லாம் அருவிக்கு எதிரே இருந்த தேயிலைத் தோட்ட லயத்தில், ஒட்டிக் கட்டிய அறை வரிசையில். ஆனி, ஆடி மழையில் அருவி அகன்று செந்தண்ணீராகக் கொட்டும்போது, பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசவே கத்த வேண்டும்.

வேடிக்கை மாசியில்தான். அருவி வற்றி, பாறையில் வெள்ளை நூலாக இறங்கும். லயத்துக்காரர்களின் தொண்டை மட்டும் இறங்காது. கல்யாணமான புதிதில் ஒரு மாசி இரவு புருஷன் யேசுரட்ணம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஐவி, ஒன்ன கட்டிக்கிட்டதுக்கு மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தணும்" என்றார். விடிந்ததும் பீலிக்கு வந்த பெண்களெல்லாம் தண்ணீர் பிடித்தபடியே, "மெழுகுதிரி வாங்கியாச்சா?" என்று கேட்டார்கள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குரலை அவள் நினைக்காத நாளில்லை.

லயத்தை விட்டு மகன் ஜூட்சன் வீட்டுக்கு வந்தாள். மருமகள் அனுஷ்கா பாலர் பள்ளி டீச்சர், பூப்போலப் பேசுகிறவள். "உப்பு எங்கம்மா?" என்று ஐவி கேட்டாலே அவள் முகம் சுருங்கிவிடும். ஒருநாள் அவள் ஜூட்சனிடம், "மாமிக்கு என்னைப் புடிக்கலங்க" என்று அழுதது ஐவியின் காதில் விழுந்தது. மருமகள் மேல் ஐவிக்கு உயிர். அதைச் சொல்ல அவளிடம் இருந்ததோ இந்த ஒரு குரல்தான். வாயைக் கட்டிக்கொண்டாள். அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டாள் அனுஷ்கா. இந்த வீட்டில் இனி எப்படி இருப்பது என்று ஐவிக்குத் தெரியவில்லை.

ஆடியில் யேசுரட்ணத்தின் நினைவு நாள். மழை விட்ட நேரம் பார்த்து மூவரும் அருவிக்குப் பக்கத்தில் இருந்த கல்லறைக்குப் போனார்கள். அருவி பழைய கோலத்தில் இரைந்துகொண்டிருந்தது. வழியில் குறுக்கிட்ட ஓடையைத் தாண்டிவிட்ட அனுஷ்கா திரும்பிப் பார்த்தாள். மாமியார் பாசிக் கல்லில் கால் வைக்கப் போனாள்.

"மாமி, அந்தக் கல்லு வேணாம்."

ஐவிக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் அனுஷ்கா கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். ஐவி அப்படியே நின்றாள்.

தன் குரலைக் கேட்டு அனுஷ்காவே பயந்துபோனாள். "நான் திட்டலங்க மாமி" என்று மறுபடியும் கத்தினாள்.

ஐவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"தெரியும்மா" என்று அவளும் அடித்தொண்டையில் கத்தினாள். "நானும் ஒன்னைய ஒருநாளும் திட்டலம்மா."

அனுஷ்கா ஓடைக்குள் இறங்கி வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.