பதக்கக்காரருக்கு முன்னால் போனவன்

டோர்வல் என்ற பனிநாட்டு ஊரில், விமானச் சாப்பாடு கட்டும் கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரர் சிங்களவர். எங்கள் ஊர் யுத்தத்தில் காலாட்படையில் இருந்து இரண்டு பதக்கம் வாங்கியவர். நான் அதே யுத்தத்தில் பங்கருக்குள் பதுங்குவதில் மட்டும் திறமை காட்டியவன். அதற்கு யாரும் பதக்கம் தரவில்லை.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் சோதனைச்சாவடித் தமிழ். முதல் நாள் சிநேகமாகக் கேட்டார்: "எங்க போறது? பையில என்ன?"

என் கை தன்பாட்டில் அடையாள அட்டையைத் தேடியது. அவர் அதைக் கண்டுவிட்டார். இரண்டு பேரும் ட்ரே கவிழச் சிரித்தோம். அன்றிலிருந்து மச்சான்.

மச்சானிடம் ஒரு பழக்கம். யாரும் மிதிக்காத பனியில் கால் வைக்கமாட்டார். மிதிவெடி புதைத்த வயலுக்குள் போய்க் காயப்பட்ட இரண்டு பேரைத் தூக்கி வந்ததற்குத்தான் முதல் பதக்கம். மூன்றாவதாகவும் ஒருவர் கிடந்தாராம். அவரைப் பற்றிக் கேட்டால் தேத்தண்ணீர் போட எழும்பிவிடுவார்.

போன மாசியில் அவருடைய மனைவியும் மகளும் வந்திறங்கும் நாள். கைக்குழந்தையாக விட்டுவந்த மகளுக்கு இப்போது ஆறு வயது. விமானநிலையத்தில் கதவு திறக்கும்போது தான் முன்னால் நிற்கவேண்டும் என்று ஒரு மாதமாக ஒரே பாட்டு. அன்று பார்த்து நாங்கள் குடியிருக்கும் லாசாலில் முழங்காலளவு பனி. என் கார் புதைந்துவிட்டது, டாக்சி இல்லை. பஸ் வர ஐந்து நிமிடம். தரிப்பிடம் பார்க்குக்கு அந்தப் பக்கம். பார்க்கில் ஒரு காலடி கிடையாது.

அவர் விளிம்பில் நின்றுவிட்டார்.

"வா மச்சான், பஸ் வரப்போகுது!"

"சுத்திப் போறது."

"சுத்திப் போனால் இருபது நிமிசம். பிள்ளை வந்து ஆரைப் பாக்கிறது?"

மைனஸ் பதினைந்தில் அவர் நெற்றி வியர்த்தது. "தெரியும். கால் போறதில்ல."

நான் குதித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒரு படைக்குத் தலைமை தாங்கினேன்! என் சப்பாத்து பன்னிரண்டாம் அளவு, தடம் ஒவ்வொன்றும் தொட்டில் மாதிரி.

"நில்! இடது கால்! பின்னால வா!" அவருடைய சாவடிக் குரலிலேயே கத்தினேன். வந்தார். என் தடத்துக்குள் மட்டும் கால் வைத்து வந்தார். நடுவில் நான் முகங்குப்புற விழுந்தேன்.

"மச்சான்! வெடியா?"

"வெடி இல்லையடா, வாய் நிறையப் பனி!"

பஸ்காரி கதவைத் திறந்து வைத்திருந்தாள். எங்கள் அணிவகுப்பைப் பார்த்து, "போன்ஜூர்!" என்று சல்யூட் அடித்தாள்.

விமானநிலையக் கதவு திறந்தபோது மச்சான்தான் முதல் ஆள். மகள் ஓடிவந்து மோதிய வேகத்தில் ஒரு பதக்கக்காரர் மல்லாந்து விழுந்ததை அன்றுதான் பார்த்தேன். மனைவி அழுதார். நான் பனி உருகி ஒழுகிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் பிள்ளை அப்பாவின் கையை உதறிவிட்டுப் புதுப்பனிக்குள் ஓடினாள். நடுவில் நின்று அவரைக் கூப்பிட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"தடம் இருக்குத்தானே, போ," என்றேன்.

"சின்னது."

உண்மைதான். அந்தத் தடத்துக்குள் அவர் கால் எப்படியும் அடங்காது. சுற்றியுள்ள மிதிபடாத பனியையும் சேர்த்துத்தான் மிதிக்கவேண்டும்.

மிதித்தார். எனக்கு விசிலடிக்கத் தெரியாது. அடித்தேன்.