படகிலிருந்து மறுபடி குதித்த ஞாயிறு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் நெடும்போட்டிகளை முழங்கால் தேய்ந்துபோனதால் விட்டுவிட்டேன். வருடங்களாயிற்று. இன்றும் டோல்கேட் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கையில் கிழக்கேயிருந்து உப்புக்காற்று வந்தால், தோள் தானாகச் சுழலப் பார்க்கிறது.

லாரிகளுக்கு நடுவே மாதவரம் வரை மிதித்தவனுக்கு எந்தச் சாலையும் பயமில்லை. கடல்தான் பயம். முதல் போட்டியில் பாதி நீச்சலில் மூச்சு முட்டிக் காவல் படகில் ஏறிவிட்டேன். அடுத்த போட்டிக்கு முந்தைய ஞாயிறு, விடிந்ததும் திருவொற்றியூரில் இறங்கிக் கரையோரமாகவே எண்ணூரை நோக்கி நீந்தினேன். படகு, கட்டை எதையும் பிடிக்காமல் எண்ணூர் வரை முடித்தால் போட்டிக்குப் போவது. இல்லையென்றால் இத்தோடு சரி. மனைவியிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவள் கரைச்சாலையில் ஸ்கூட்டரில் கூடவே வந்தாள்.

பாதி தாண்டியிருப்பேன். அக்குளில் இரண்டு கைகள். ஒரே இழுப்பு. ஃபைபர் படகில், ஈர வலைமேல் மல்லாந்து கிடந்தேன்.

"உசுரு கீதுபா!" என்றார் மீன்பிடிக்க வந்த இருவரில் இளைஞர்.

"இன்னா நைனா, வூட்ல சண்டையா?" என்றார் பெரியவர்.

தண்ணீரில் முகம் கவிழ்ந்தவனைக் கண்டால் இந்தக் கரையில் எந்தப் படகும் தாண்டிப் போகாது. மீன் போனால் போகட்டும், முதலில் ஆளைத் தூக்கு. நான் நீந்திக்கொண்டிருந்தேன் என்றேன்.

"மூஞ்சிய உள்ள வுட்டுகினா? எவன்டா அப்டி நீந்துவான்!"

டீ கொடுத்தார்கள். சூடாக இருந்தது. நான் பிடிக்கவில்லை, அவர்கள்தான் பிடித்தார்கள் என்றால் யாரும் ஒத்துக்கொள்வார்கள். அந்த வலைமேல் உட்கார்ந்திருந்தது என்ன சுகம்! இப்போது நினைத்தாலும் உடம்பு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

"இங்கேயே இறக்கி விடுங்கண்ணே."

"ஆள ஏத்துவோம். நடுக்கடல்ல எறக்கி வுடுற பழக்கம் இல்ல. பேஜாரு பண்ணாத, கரைல வுடுறேன்."

டம்ளரைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுக் குதித்தேன்.

பின்னால் கெட்ட வார்த்தைகள். அப்புறம் இன்ஜினைத் தணித்துக்கொண்டு படகு பக்கத்திலேயே ஊர்ந்தது.

"அப்பப்ப மூஞ்சியக் காட்டு மாமு! எங்களுக்கு உசுரு போவுது!"

கை எட்டும் தூரத்தில் படகின் விளிம்பு. மூச்சு முட்டியது. பிடிக்கலாம். இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று தள்ளிப்போட்டேன். எப்போதோ மூச்சு சீராகிவிட்டது. எண்ணூர் மணலில் தடுமாறி நின்றபோது மனைவி ஓடிவந்தாள்.

"நடுவுல படகுல ஏறுனியே, பாத்தேன்!"

"நாங்கதாம்மா தூக்குனோம்," என்றார் படகிலிருந்து பெரியவர். "குதிச்சுட்டான் உன் ஆளு. புடிச்சு வெக்க முடில."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, போட்டிக்கு எந்த டிரெய்ன்ல டிக்கெட் போடட்டும்?"