மாட்டுப் பொங்கலுக்குள் ஒரு மட்கார்டு

"13-1-1983, வெள்ளி. போகி. வண்டிக்கு இடது பின்பக்கம் அடி. அண்ணன் சாப்பிடவில்லை."

என் நாட்குறிப்பில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது. அதில் பிழை உண்டு. அந்த வருடம் ஜனவரி 13 வியாழக்கிழமை. மூன்று நாள் விஷயங்களைச் சேர்த்து ஒரே மூச்சில் எழுதியதால் கிழமை தவறிப்போனது. பழைய குறிப்புகளை நாட்காட்டியோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது ஓய்வுபெற்ற பிறகு எனக்குப் பிடித்த வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கிழமையைத் திருத்திவிட்டேன். ஆனால் அந்தப் பொங்கலையொட்டி நடந்தவற்றில் ஒன்றை மட்டும் இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.

அப்போது நான் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டையில் வாடகைக்கு ஓர் அறை. காலையில் மலையிறங்கிப் போய் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஏறிவருகிற கூட்டம் ஒன்று அந்த ஊரில் உண்டு. அதில் பாதிப் பேர் பஸ்ஸில் போவார்கள். மீதிப் பேரை என் வீட்டுக்கார அண்ணன் தன் பழைய கறுப்பு அம்பாசடரில் அள்ளிப்போட்டுக்கொண்டு இறங்குவார். முன்சீட்டில் அவரோடு மூன்று பேர், பின்னால் ஐந்து பேர். மடியில் டிபன் கேரியர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே பக்கம் நிமிர்ந்து, சேலம் போய்ச் சேரும்போது ஒரு குடும்பமாகவே ஆகியிருப்போம்.

அண்ணனின் மனைவி, எங்களுக்கு அக்கா, அதே மலையிலுள்ள கொட்டச்சேட்டில் பிறந்தவர். உயரமான பெண்மணி, பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. ஆனால் அந்தச் சிரிப்பு வரும்போது கண்ணில் மட்டும் வரும். பிறந்த வீட்டிலிருந்து வந்த உழவு மாடுகளை விற்றுத்தான் அந்தக் கார் வாங்கப்பட்டது. அதனால் அக்காவைப் பொறுத்தவரை அது காரே அல்ல, மாடுதான். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் வண்டிக்குப் பொட்டு வைப்பார்கள். அக்கா மாட்டுப் பொங்கலன்று வைப்பார். கொட்டகையில் பசுவுக்குப் பக்கத்தில் காரைக் கழுவி நிறுத்தி, முன்னால் மாலை போட்டு, ஆரத்தித் தட்டோடு சுற்றிவருவார். ஊரில் சிலர் கேலி பேசியதுண்டு. "பருத்திக்கொட்டையும் வெப்பீங்களா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "பெட்ரோல் குடிச்சுப் பழகிருச்சுங்க" என்று அக்கா பதில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த வருடம் அக்காவுக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. அப்பா எழுதிக்கொடுத்த துண்டு நிலத்தில் தானே நட்டு வளர்த்த காபிச் செடிகள் முதல்முறையாக நன்றாகக் காய்த்திருந்தன. பழத்தைப் பறித்து, தோல் நீக்கி, கழுவி, வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுக் களத்தில் காயப்போட்டிருந்தார். காய்ந்ததும் ஏற்காட்டுக் காபி டிப்போவில் கொண்டுபோய்ப் போடவேண்டும். குடும்பத்துக் காபி அதுவரை அண்ணன் பெயரில்தான் போயிருந்தது. இந்த மூட்டைகளுக்கு அக்கா பெயரில் ரசீது வரும். போகியன்று மாலை கொட்டச்சேட்டுக்குப் பொங்கலுக்குக் கிளம்பப்போகிறவர், காலையில் நாங்கள் காரில் ஏறும்போது அண்ணனிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஏனுங்க, நான் மாட்டுப் பொங்கலுக்கு வந்துருவேன். காபியைக் கிளறி உடுங்க. பொழுதோட மூடி உடுங்க. காபிக் கொட்டை பக்கத்துல எது இருந்தாலும் அதோட வாசத்தைப் பிடிச்சுக்கும். பாத்துக்கங்க."

அன்று மாலை மலையேறும்போதுதான் அடிபட்டது. மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் விதி. அண்ணன் விதியைப் பார்க்கமாட்டார், எதிரே வருபவரின் முகத்தைப் பார்ப்பார். லாரிக்காரர் முகத்தில் என்ன கண்டாரோ, வளைவில் பின்னால் எடுத்து ஒதுங்கினார். தடுப்புச் சுவரில் மோதி இடது பின் மட்கார்டு உள்ளே மடிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஒரு டிபன் கேரியர் மட்டும் திறந்துகொண்டது. நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது அக்கா கொட்டச்சேட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

பின்சீட்டில் எங்களோடு தினமும் வருபவர்களில் டிங்கர் ஒருவர். சேலத்தில் ஒரு பட்டறையில் கார்களின் ஒடுக்கு எடுக்கிறவர். அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவார். காரை வீட்டு வாசலில் நிறுத்தியதும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ண்ணா, மட்கார்டு நல்லா மடிஞ்சு போச்சுங்க. பொங்கல் கழிச்சுப் பட்டறைக்கு ஓட்டிட்டு வந்துருங்க."

"பொங்கல் கழிச்சா? நாளான்னிக்கி அவ தட்டோட வண்டியச் சுத்தி வருவாளப்பா."

"அப்பப் பின்னாடியும் மாலை நொம்பப் போட்டு மறைச்சுருங்க."

"கழுத்துல போடற மாலைய வால்ல போட்டா அவ கேக்கமாட்டாளா?"

பட்டறை பூட்டியாகிவிட்டது. சாமான்கள் எல்லாம் அதற்குள். டிங்கரின் வீட்டில் ஒரு சுத்தியலும், யாருக்கோ அடித்து மிஞ்சிய அரை டப்பா கறுப்புப் பெயிண்டும், பள்ளம் நிரப்பும் பட்டி கொஞ்சமும், பெயிண்டைக் கரைக்கும் தின்னர் ஒரு பாட்டிலும் இருந்தன. பொங்கலன்று பானை பொங்கிய கையோடு வேலை ஆரம்பித்தது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மடிந்த தகரத்துக்கு உள்ளேயிருந்து ஒருவர் முட்டுக்கொடுக்க, வெளியே இன்னொருவர் தட்ட வேண்டும். முட்டுக் கொடுக்க இரும்புக் கட்டை இல்லாததால் அக்காவின் அம்மிக் குழவியை எடுத்துவந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்திருந்தது நான். ஒவ்வொரு தட்டும் குழவி வழியாக என் பல்லுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் எட்டிப்பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா என்னுங்க அங்க தட்டறீங்க?" என்றார். "மாட்டுக்கு லாடம் அடிக்கறமுங்க" என்றார் அண்ணன். அன்று அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். அவரும் சிரிக்கவில்லை.

மதியத்துக்குள் தகரம் வெளியே வந்துவிட்டது. பட்டி பூசித் தேய்த்து, கொசுமருந்து அடிக்கும் கைப்பம்பில் பெயிண்டை ஊற்றிக் கொட்டகைக்குள்ளேயே அடித்தார் டிங்கர். நாங்கள் கைதட்டாத குறை. ஆனால் நாலு மணிக்கு மூடுபனி இறங்கியது. எங்கள் கண்ணெதிரிலேயே கறுப்பு மட்கார்டின்மேல் சாம்பல் பூத்தது. ஈரக்காற்றில் அந்தப் பெயிண்ட் அப்படித்தான் வெளுத்துவிடுமாம். "சேலத்துல எனக்கு இந்த ரோதனையே இல்லீங்க" என்று டிங்கர் தலையில் கைவைத்தார். "வெயிலு வேணும். கீழிருந்தும் சூடு வேணும்."

ஊரில் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மாட்டுப் பொங்கல் காலை வெயில் ஏறியதும் களத்துக் காபியை ஒரு பாதியில் கூட்டிக் குவித்தோம். மறுபாதிக்குக் காரைத் தள்ளிக்கொண்டுபோனோம். தளத்தில் பெயிண்ட் சிந்தக் கூடாதே என்று ஒரு தார்ப்பாயை விரித்து, முந்தின நாள் வெளுத்துப்போன பெயிண்டைத் தின்னர்த் துணியால் துடைத்தெடுத்தோம். புதிதாக அடிக்கும் நேரம் வந்தபோது காற்றில் பறக்கிற பெயிண்ட் காபிமேல் படுமே என்று அண்ணன் பதறினார். உடனே தார்ப்பாயை உருவி, காபிக் குவியலை நன்றாக, நாலு பக்கமும் இழுத்து, கல்வைத்து மூடினோம். இவ்வளவு பொறுப்பாக நாங்கள் மூவரும் வாழ்நாளில் வேறெதையும் செய்ததில்லை. தின்னரில் ஊறிய பக்கத்தைக் கீழே வைத்துத்தான் மூடினோம் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

மட்கார்டு அற்புதமாக வந்தது. மாலைக்குள் கொட்டகையில் பசுவுக்குப் பக்கத்தில் கார் நின்றது. தார்ப்பாயை எடுத்து, காபியைப் பழையபடி பரப்பிவிட்டோம். கொட்டச்சேட்டு ஜீப்பிலிருந்து கரும்போடு இறங்கிய அக்கா முகம் கழுவிவந்து தட்டை ஏந்தினார். முதலில் பசு. பிறகு கார். இடது பின்பக்கம் வந்ததும் தட்டு நின்றது.

"ஏனுங்க."

"என்ன அம்மிணி?"

"மத்த எடமெல்லாம் மங்கிக் கெடக்குது. இது மட்டும் மாப்பிள்ளையாட்டம் மினுக்குதே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டிங்கரைப் பார்த்தேன். டிங்கர் பசுவைப் பார்த்தார். பிறகு அண்ணனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா கோபப்படவில்லை. "ஆருக்கும் ஒண்ணும் ஆகலியே? தகரந்தான, தட்டுனா வருது" என்று மீதிச் சுற்றையும் முடித்துக் கற்பூரம் காட்டினார். எங்களுக்கு மூச்சு வந்தது. அதன்பிறகு அவர் வழக்கம்போலக் களத்துக்குப் போய், ஒரு கைப்பிடி காபிக் கொட்டையை அள்ளி முகர்ந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஓடிப்போய் ஆளுக்கொரு பிடி அள்ளி முகர்ந்தோம். சந்தேகமே இல்லை, தின்னர்.

"டிப்போவுல மூக்குல வெச்சுப் பாத்துத்தான் எடுப்பாங்க" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "தகரத்தத் தட்டுனீங்க. இத எங்க போயித் தட்டறது?"

அந்தக் கேள்வியைப் போல என்னைக் கூசவைத்த சொல் அதற்குமுன் இல்லை. அடுத்து வந்த நாட்களில் அக்கா அந்தக் காபியை மெல்லிசாகப் பரப்பி, வெயில் நகர நகர அதை நகர்த்தி, குனிந்தபடியே இருந்தார். காலையில் நாங்கள் காரில் கிளம்பும்போதும் களத்தில், திரும்பும்போதும் களத்தில். அண்ணன் உதவப் போனால், "நீங்க வண்டிய ஓட்டுங்க, அது போதும்" என்பார். அதுதான் அவருக்குக் கிடைத்த முழுத் தண்டனை. மாலையில் ஊருக்குள் நுழையும்போது காரிலிருந்த ஒவ்வொருவரும் சன்னல் வழியாக மூக்கை நீட்டுவார்கள்.

ஜனவரி 23, ஞாயிறு. இந்தத் தேதியை நான் சரிபார்த்துவிட்டேன். டிப்போவுக்குப் போவதற்கு முந்தைய நாள். அக்கா எங்கள் மூவரையும் அழைத்தார். மூட்டையிலிருந்து ஒரு பிடியை எடுத்து இடித்து உமி நீக்கி, வறுத்து, பொடித்து, பாலில்லாமல் காபி போட்டிருந்தார். மூன்று கண்ணாடி டம்ளர்கள்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. உங்க வாயை நம்பித்தான் நாளைக்குப் போறேன்."

முதல் வாயிலேயே பெயிண்ட் கடைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது அம்மிணி" என்றார். டிங்கர், "எனக்கு அந்த வாசத்துலயே மூக்கு செத்துப்போச்சுங்க்கா, என்னையக் கேக்காதீங்க" என்றபடி முகம் கோணினார். என் முறை வந்தது. "லேசா அந்த வாசம் இருக்குதுக்கா" என்றேன்.

"லேசாவா?"

"இல்லைக்கா. நல்லாவே இருக்குது."

"மிச்சம் வெக்காமக் குடிங்க" என்று சொல்லிவிட்டு அக்கா எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவர் குடிக்கவில்லை. மூவரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

மறுநாள் காலை மூட்டைகள் காரின் மேல் ஏறின. பின்சீட்டில் நாங்கள் நெருங்கி இடம் விட, அக்காவும் ஏறினார். டிப்போ திறக்கும்வரை காத்திருந்தால் எல்லோருக்கும் அலுவலகம் தாமதமாகும். யாரும் பஸ்ஸுக்குப் போகவில்லை. டிப்போக்காரர் மூட்டைக்குள் கையை முழங்கைவரை விட்டு ஒரு பிடி எடுத்தார். ஊதினார், தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். கம்பி வேலிக்கு இந்தப்புறம் நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாக் காய வெச்சிருக்கீங்கம்மா, தராசுல தூக்கி வையுங்க" என்றார். டிங்கர் என் தோளில் ஓங்கி அடித்தார். அண்ணன் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் வரவில்லை. அக்கா ரசீதைப் படித்தார், தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டார், மடித்து வைத்துக்கொண்டார். "போலாமுங்க, எல்லாத்துக்கும் ஆபீஸுக்கு நேரமாச்சு" என்றார்.

அந்த டிப்போக்காரரின் மூக்கு மந்தம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். 1991 வாக்கில் ஒருநாள் டிங்கர் வேறேதோ பேசும்போது சொன்னார்: அந்தப் பொங்கலில் தின்னர் துடைத்த துணியை அக்காவின் அடுப்படிச் சன்னலில் செருகிவைத்திருந்தாராம். அடுத்த வாரம் தேடியபோது காணவில்லையாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காபிப் பதப்படுத்துகிற இடத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் விசாரித்தேன். பழத்தோல் போனபின் உள் உமியோடு காய்கிற கொட்டையில் அந்த வாசம் வெயிலில் போகவும் போகலாம், உள்ளே இறங்கவும் இறங்கலாம் என்றார். அந்தத் துணியைப் பற்றி அக்காவிடமே கேட்டேன். முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமில்ல தம்பி? அன்னைக்கு மூணு பேரும் ஒண்ணும் கேக்காமக் குடிச்சீங்க."

கண்ணில் அந்தச் சிரிப்பு இருந்தது. அதற்குமேல் அவர் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை, அண்ணனும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று டம்ளர்களிலும் தின்னர் வாசம் இருந்தது. நான் குடித்தேன், அதில் ஐயமில்லை. திங்கட்கிழமை அதே மூட்டைகளை டிப்போவில் குறையில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அதையும் நான் பார்த்தேன். அந்த வாசம் காபியிலிருந்து வந்ததா, டம்ளரைத் துடைத்த துணியிலிருந்து வந்ததா என்பது உறுதிசெய்யப்படவில்லை.