ஏழாவது இணைப்பு

மையக்காவுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். பதினான்கு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை, பிறத்தியார் பெயர்களைக் கறுப்பு மையால் மறைப்பது. "ஊர்ல எல்லாரும் பேர் எடுக்கப் பாடுபடறாங்க. நீ ஒருத்திதான் பேரை அழிச்சு சம்பளம் வாங்கறே" என்று அவள் புருஷன் கிண்டல் செய்வார். அவளும் சிரித்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொள்வாள்.

அலுவலகம் ஒரு தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், இரண்டே அறை. வாசல் பலகையில் 'பதிப்புரிமை மற்றும் இணையப் பொதுக்கொள்கைக்கான மக்கள் மன்றம்' என்று எழுதியிருக்கும். ஒரே மூச்சில் அதைப் படித்து முடித்தவர் எவரும் இல்லாததால் தபால்காரர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அது 'மாடி ஆபீஸ்'. மன்றத்தை நடத்துகிறவர் ஒரு வக்கீல். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். அவரும் மையக்காவும் சேர்ந்தால் மன்றம் நிறைந்துவிடும்.

இங்கே வருவதற்கு முன்னால் அவள் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம் எடுத்துக் கொடுத்ததற்காகப் பதிப்பாளர்கள் சங்கம் புகார் கொடுத்து, போலீஸ் வந்து இரண்டு மெஷின்களையும் தூக்கிக்கொண்டு போயிற்று. வக்கீல் வலிய வந்து வாதாடினார். மூன்று வருஷம் இழுத்தடித்து ஜெயித்தார்கள். படிப்பதற்காக ஒரு அத்தியாயத்தை நகல் எடுப்பது திருட்டு இல்லை என்று தீர்ப்பு வந்தது. மெஷின்களும் திரும்பி வந்தன, உள்ளே ஒயரையெல்லாம் எலி தின்று தீர்த்திருந்தது. வழக்கு ஜெயித்தது, கடை தோற்றது. பழுது பார்த்துத் தேற்றிய ஒரு மெஷினோடு அவள் மாடி ஏறினாள்.

மாடி ஆபீசுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி கடிதம் இருக்கும். இணையத்தில் நீங்கள் போட்டதைப் பற்றிப் பதிப்புரிமைப் புகார் வந்திருக்கிறது, ஆகவே நீக்கிவிட்டோம் என்று சொல்லும் கடிதம். யார் வேண்டுமானாலும் 'அது என் சொத்து' என்று ஒரு படிவம் நிரப்பி அனுப்பலாம். முதலில் நீக்குவார்கள், பிறகுதான் விசாரிப்பார்கள். பிடிக்காதவன் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் இல்லை. அந்தப் புகார்களை எல்லாம் சேர்த்து, ஆட்களின் பெயரை மட்டும் மறைத்து, ஊரறிய வெளியிடுவதுதான் மன்றத்தின் வேலை.

அந்த மறைப்பில் மையக்கா யாரையும் நம்பமாட்டாள். தாளை அச்சடிப்பாள். தடித்த மார்க்கரால் முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை பூசுவாள். அதை நகலெடுத்து, நகலை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒரு எழுத்தின் நிழல் தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பிறகுதான் ஸ்கேன். வக்கீல் அவசரப்படுத்தினால், "சார், கோர்ட்ல நீங்க தோத்தா அப்பீல் இருக்கு. இதுல தோத்தா அப்பீல் கிடையாது" என்பாள்.

லேப்காரர் வந்தது போன வருஷம். நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் கம்பெனியில் தண்ணீரைப் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. முப்பது வயது, சட்டைக் காலர் வரை பொத்தான் போடுகிற மனிதர். குடிதண்ணீரில் ஈயம் இருப்பதாக அவர் கையாலேயே எழுதிய அறிக்கையைக் கம்பெனி பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டது. அவர் அதைப் படமெடுத்து, பெயர் சொல்லாமல் இணையத்தில் போட்டார். கம்பெனி 'அது பொய்' என்று சொல்லவில்லை. 'அந்த அறிக்கை எங்கள் படைப்பு, பதிப்புரிமை எங்களுடையது' என்றது. ஒரு மணி நேரத்தில் படம் காணாமல் போயிற்று. அத்தோடு விடாமல், போட்டது யார் என்று சொல்லும்படி கோர்ட்டுக்கும் போயிருந்தது.

"எனக்கு முன்னாடி இதே ரிப்போர்ட்டைப் பத்தி ஒரு இன்ஜினியர் கேட்டாருக்கா" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார். "மேட்டுல பழைய பம்ப் ஹவுஸ் இருக்கு. அங்க மெஷின் பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. தொட்டியில கால் வழுக்கி விழுந்துட்டார்னு ஃபைல்ல இருக்கு. அவர் நல்லா நீச்சல் தெரிஞ்ச ஆளு."

மையக்கா மார்க்கரைக் கையில் எடுத்தாள். அவர் எழுதிக் கொடுத்த புகார்க் கடிதத்தை அவர் கண்ணெதிரேயே மை பூசி, நகலெடுத்து, ஜன்னலில் வைத்துக் காட்டினாள். "பாருங்க தம்பி. சூரியனே வந்து படிச்சாலும் உங்க பேர் தெரியாது." அவர் எழுந்து வந்து, ஜன்னலில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். பிறகு முதல்முறையாகக் காலர் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டார்.

இந்த நகல் வெளியே போகவே இல்லை. வழக்கு முடியட்டும் என்று பீரோவில் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து அமைச்சகம் ஒரு வரைவு விதியைக் கொண்டுவந்தது. பதிப்புரிமைப் புகார் வந்தால், போட்டவர் யார் என்று இரண்டே நாளில் இணையதளம் சொல்லிவிட வேண்டுமாம். கோர்ட்டு கூட வேண்டாமாம். மன்றம் கொதித்தெழுந்தது. மக்கள் கருத்துச் சொல்லக் கொடுத்த கெடுவுக்குள் அறுபத்தோரு பக்க எதிர்ப்பு தயாரானது. பின்னால் ஒன்பது இணைப்புகள். ஒன்பதும் நிஜமான ஆட்களின் நிஜமான கடிதங்கள். ஏழாவது, லேப்காரருடையது.

இங்கேதான் ஆபரேட்டர் வருகிறார். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே கண் தெரியாதவர். கண் தெரியாதவர்களுக்குப் புத்தகங்களை மாற்றிக் கொடுக்கப் பதிப்பாளரின் அனுமதி தேவையில்லை என்று மன்றம் ஒரு சலுகை வாங்கியதே, அந்த வழக்கின் மனுதாரர் அவர்தான். மன்றம் எழுத்தாக வெளியிடுவதை எல்லாம் கம்ப்யூட்டரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார், தப்பும் பிடிப்பார்.

வரைவு விதி வந்த வாரத்தில் அவர் போனில் பொரிந்து தள்ளினார். "தங்கச்சி, எங்களுக்காக கேஸ் நடத்துனீங்க, சரி. உங்க தாளை எல்லாம் ஸ்கேன் பண்ணிப் போடறீங்களே, அது எனக்கு வெறும் போட்டோ. என் மெஷின் 'படம், படம், படம்'ங்குது. ஊருக்கு உபதேசம் பண்ற ஆபீஸ் வாசல்லயே எனக்கு செவுரா?"

மையக்காவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க முடியவில்லை. ஆகவே இந்த ஒருமுறை அவள் அச்சடிக்கவில்லை, மார்க்கரைத் தொடவில்லை. கடிதங்களை உள்ளது உள்ளபடி தட்டச்சு செய்து, எழுத்தாகவே வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிலேயே பெயர்களின் மேல் கறுப்புக் கட்டம் கட்டினாள். திரையில் பார்க்க மையைவிடக் கறுப்பாக இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தாள். திரையை எந்த ஜன்னலில் பிடித்துப் பார்ப்பது?

வெளியிட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று காலை ஒன்பதரை மணிக்கு அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தங்கச்சி, ரொம்ப நன்றி. இந்தத் தடவை எல்லாத்தையும் முழுசா வாசிக்குது" என்றார் ஆபரேட்டர். "ஒரு சின்ன சந்தேகம். ஏழாவது இணைப்புல அந்த லேப் ஆளோட பேரு, வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் வாசிக்குதே. அது வாசிக்கலாம்தானா?"

அவள் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கட்டம் கறுப்பாகத்தான் இருந்தது. மேலே சுட்டியை இழுத்து, நகலெடுத்து, வேறொரு பக்கத்தில் ஒட்டினாள். காலர் பொத்தான் போட்ட மனிதரின் முழுப் பெயரும் வந்து விழுந்தது. கட்டம் பெயருக்கு மேலே போர்வை மாதிரிதான் கிடந்திருக்கிறது, அடியில் ஆள் அப்படியே இருந்தார்.

பதிவிறக்கக் கணக்கைப் பார்த்தாள். முதன்மை ஆவணத்தைப் பல பேர் பல இடங்களிலிருந்து எடுத்திருந்தார்கள். ஏழாவது இணைப்பை மட்டும் தனியாக, நேற்றுப் பிற்பகலில், ஒரே இணைய முகவரியிலிருந்து ஒன்பது முறை எடுத்திருந்தார்கள். நம்பிக்கை வராதவர்கள் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது போல.

வக்கீலைக் கூப்பிட்டாள், அவர் கோர்ட்டு வராந்தாவிலிருந்து பேசினார். அவருடைய கனத்த குரல் மெலிந்துவிட்டது. "முதல்ல அந்த லேப் தம்பிக்கு போன் பண்ணுங்கக்கா. மத்ததெல்லாம் அப்புறம்."

"தளத்துல இருந்து அதை எடுத்துட்டுப் பண்றேன் சார்."

"அக்கா, முதல்ல போன்."

"பண்றேன் சார்."

பண்ணவில்லை. இதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அவள் கெட்டவள் இல்லை, வெட்கப்பட்டாள், அவ்வளவுதான். 'தம்பி, உங்க பேர் வெளியே போயிடுச்சு' என்று சொல்ல நாக்கு எழவில்லை. 'போச்சு, ஆனா எல்லா இடத்துலயும் எடுத்துட்டேன்' என்று சொல்லத்தான் ஆசைப்பட்டாள். அந்த ஒரு 'ஆனா'வுக்காக மூன்று மணி நேரம் செலவழித்தாள்.

தங்கள் தளத்திலிருந்து நீக்குவது ஒரு நொடி வேலை. ஆனால் முன்பு ஒரு பொய்ப் புகாரால் மன்றத்தின் தளமே முடங்கியதிலிருந்து, வெளியிடும் ஒவ்வொன்றும் தானாகவே வேறு ஐந்து அமைப்புகளின் தளங்களில் நகலாக ஏறும்படி ஏற்பாடு செய்திருந்தாள். யார் தலைகீழாக நின்றாலும் அழிக்க முடியாது என்று கூட்டங்களில் பெருமையடித்துக்கொண்டவள் அவளேதான். நான்கு இடங்களில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கெஞ்சினாள், ஒவ்வொருவராக எடுத்தார்கள். அதற்குள் மணி பதினொன்றரை.

ஐந்தாவது, வெளிநாட்டு நூலகம் ஒன்று. அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி. பதினான்கு வருஷமாக எந்தப் படிவத்தை எதிர்த்துக் கத்தினாளோ அதே பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தைத் திறந்தாள். 'இது என் படைப்பு, என் அனுமதி இல்லாமல் நகலெடுக்கப்பட்டிருக்கிறது என்று உறுதி கூறுகிறேன்.' அனுமதி கொடுத்தவளே அவள்தான். அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. 'உங்கள் புகார் கிடைத்தது. வெறும் புகாரை நம்பி நாங்கள் எதையும் நீக்குவதில்லை. மக்கள் அறியும்படி உங்கள் புகாரை, சம்பந்தப்பட்ட ஆவணத்தின் இணைய முகவரியோடு வெளியிட்டிருக்கிறோம். பத்து நாளில் முடிவு செய்வோம்.' அந்தக் கொள்கையை ஒவ்வொரு அமைப்புக்கும் எழுதிக் கொடுத்தவள் மையக்கா. ஒவ்வொரு சொல்லும் அவளுடையது. மறைக்க நினைத்ததை, தானே மேடை போட்டு மைக்கில் அறிவித்துவிட்டாள்.

அமைச்சகத்தின் தளத்திலும் அது ஏறியிருந்தது, அங்கேயும் பேசினாள். அங்கிருந்த அதிகாரி ரொம்ப நிதானமாகச் சொன்னார், "வந்த கருத்தையெல்லாம் எடுக்காம வெச்சிருக்கணும்னு கோர்ட் ஆர்டர் இருக்கும்மா. நீங்க வாங்கின ஆர்டர்தான்."

அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் லேப்காரரின் எண்ணைப் போட்டாள். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, திரையில் அந்தப் பெயருக்குக் கீழேயே இருந்தது. எடுத்தது ஒரு பெண் குரல், அவர் மனைவி.

"யாரு, மையக்காவா? உங்களைப் பத்தி அவர் சொல்லாத நாளே இல்லக்கா."

"அவர் இருக்காராம்மா? அவசரம்."

"இல்லியே. பன்னண்டு மணிக்குக் கம்பெனி கார் வந்துச்சு. ரெண்டு பேர் வந்தாங்க, நல்லா மரியாதையா பேசினாங்க. கையில ஒரு பேப்பர் வெச்சுக்கிட்டு அவர் முழுப் பேரையும் சொல்லி, நீங்கதானேன்னு கேட்டாங்க. மேட்டுல பழைய பம்ப் ஹவுஸ்ல ஏதோ மெஷின் பார்க்கணுமாம். அங்க போன் கொண்டுவரக் கூடாதுன்னு இதை மேஜையிலயே வைக்கச் சொல்லிட்டாங்க."

மையக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான் மனசே சரியில்லக்கா" என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "பேப்பரைப் பார்த்ததும் பக்குன்னு ஆயிடுச்சு. கிளம்பறப்ப அவர்தான் என் காதுல சொன்னாரு, 'பயப்படாதே, மையக்கா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்காம ஒரு தாளையும் வெளிய விடமாட்டாங்க'ன்னு. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் நிம்மதி."

மையக்கா விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

"ஆமா, நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க அக்கா?"