கம்ப்யூட்டர் மேல் போட்ட பழி

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஓய்வு கொடுத்து வீட்டில் உட்காரவைத்த பிறகு ஆறு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாப்பிடும்போதுகூட வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும், பிரேக் அங்கே இருப்பதுபோல. அப்புறம் ரெண்டு காரியம் நடந்தது. சேலையூரில் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒருவர் பள்ளிக்கூட வேன் வைத்திருந்தார். காலையும் சாயந்திரமும் ஓட்ட ஆள் வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டார். இன்னொன்று, கல்யாணமாகிப் போன எங்கள் மகள், விட்டுவிட்டுப் போன தன் பழைய கம்ப்யூட்டரில் ஒரு தீபாவளிக்கு வந்தபோது பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். மேசை விளிம்பில் மாட்டுகிற சின்ன ஸ்டீயரிங் ஒன்றும் வாங்கி வந்திருந்தாள்.

அந்த விளையாட்டில் நம் ஊர் பஸ்ஸே வரும். அதே பச்சை, அதே ஹார்ன். முதல் நாள் அந்த ஹார்ன் சத்தம் கேட்டதும் இவர் கண் கலங்கிவிட்டது. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். பார்த்தேன் என்று தெரிந்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

சாயந்திரம் வேனை விட்டுவிட்டு வந்து, காபி குடித்துவிட்டு உட்காருவார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கீரை ஆய்வேன். அவருக்கு வலப்பக்கம் சுவர் என்பதால் எப்போதும் இடப்பக்கம்தான் எனக்கு இடம்.

"ரைட் சொல்லு" என்பார்.

"போலாம் ரைட்" என்பேன் மெதுவாக.

"இன்னா, கண்டக்டருக்குத் தொண்ட கட்டிக்கிச்சா? பின்னால ஒருத்தனுக்கும் கேக்கல."

அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். வாயைத் திறந்து சத்தமாக ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ரைட் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. ஆள் குறுக்கே வந்தால் "ஏங்க, ஆளு" என்பேன். நாய் வந்தால் "நாய்" என்பேன். அவர் ஸ்டீயரிங்கை ஒடிப்பார்.

போன வருஷம் ஆடி மாதம் அந்த விளையாட்டில் ஏதோ புதிதாக வந்து சேர்ந்தது. மழை பெய்தது, தெருவில் கூட்டம் கூடியது. கம்ப்யூட்டர் தாங்கவில்லை. படம் விக்க ஆரம்பித்தது. ஒரு அடி போகும், நிற்கும், திடீரென்று நாலு அடி தள்ளிப் போய் நிற்கும்.

அப்போதுதான் இடிக்க ஆரம்பித்தார். ஓரமாக நின்ற ஸ்கூட்டரில் ஒருநாள். காய்கறி வண்டியில் ஒருநாள்.

"படம் விக்குதுமே. வண்டி நின்னுகினு இருந்தது லேட்டாத்தான் தெரியுது" என்றார்.

படம் விக்கியது உண்மைதான். நானும் நம்பினேன்.

குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி ஒரு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. நடத்துவது ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அவரே ஸ்க்ரூவைக் கழற்றுவார். நாங்கள் சிபியுவைப் போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனோம். மூடியைத் திறந்தார். உள்ளே பூனை முடி மாதிரி தூசி.

"எவ்ளோ வரைக்கும் போலாம் சார்?" என்று கேட்டார்.

"ஒரு மாசத்து வேன் சம்பளம். அதுக்கு மேல கேக்காதீங்க."

"அப்போ ஒண்ணொண்ணா பண்ணுவோம். மொதல்ல பழைய ஹார்டு டிஸ்க்கத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டுடலாம், கூட ஒரு ரேம். அப்பவும் விக்குச்சின்னா கிராபிக்ஸ் கார்டு. அது அடுத்த மாசம்."

வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் உடனே எழுந்துகொண்டது. முன்பெல்லாம் போட்டுவிட்டு நான் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வருவேன். இவருக்கு ஒரே சந்தோஷம். நான் அடுக்களைக்குப் போய்த் தாளிப்பைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து தடால் என்று சத்தம். பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டத்தில் ஏற்றிவிட்டிருந்தார்.

"கார்டு இல்லல்ல. அதான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் ஸ்டூலில் இருக்கும்போது இடிப்பதில்லை, எழுந்து போனால் இடிக்கிறார் என்று அன்றைக்கு மனசில் பட்டது. பட்டதோடு சரி. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

வேறு சிலதும் இருந்தன. வாசற்படி தாண்டும்போது இடது தோளை நிலையில் இடித்துக்கொள்வார். மழைக்கு மரம் ஊதிவிட்டது என்று நிலையைத் திட்டுவார். அப்புறம் ஊறுகாய். எலுமிச்சை ஊறுகாய் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. பிறந்த வீட்டில் கற்றுக்கொண்ட வழக்கப்படி உப்பும் ஊறுகாயும் தட்டின் இடப்பக்க ஓரத்தில்தான் வைப்பேன். கொஞ்ச நாளாக வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. பிரஷர் இருக்கிறது, உப்பைக் குறை என்று டாக்டர் சொன்னதைக் கடைசியில் கேட்டுவிட்டார் என்று எனக்கு நிம்மதிகூட.

அடுத்த மாதச் சம்பளம் வந்தது. ஒரு சனிக்கிழமை மறுபடியும் குரோம்பேட்டை. இந்த முறை ஸ்டீயரிங்கையும் பையில் போட்டுக்கொண்டார், அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று. கடைக்கார அம்மா யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கார்டு ஒன்றை எடுத்துவைத்திருந்தார்.

"கார்டு செகண்ட் ஹேண்ட் வாங்கலாம் சார். ஆனா பவர் சப்ளை புதுசுதான் போடணும். பழசுல இத மாட்டினா ஒருநாள் பொகைஞ்சிடும்."

ரெண்டையும் மாட்டினார். தன் கடையின் பெரிய திரையோடு இணைத்தார். அவரே ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு தெரு முழுக்க பஸ்ஸை ஓட்டிக் காட்டினார். மழை சீராகப் பெய்தது. ஒரு விக்கல் இல்லை.

"பாருங்க, வெண்ண மாதிரி போவுது. உக்காருங்க சார்."

இவர் உட்கார்ந்தார். சின்ன கடை. நான் அவருக்குப் பின்னால், கதவோரம் நின்றுகொண்டேன். ரைட் சொல்லவில்லை. அந்த அம்மா முன்னால் எனக்கு வாய் வராது.

பஸ் கிளம்பியது. நேராகத்தான் போனது. முப்பத்தோரு வருஷக் கை. அப்புறம் இடப்பக்கம் குடையோடு நின்றுகொண்டிருந்த நாலு பேரை நோக்கி அது மெல்லச் சாய்ந்தது. இவர் பிரேக்கைத் தொடவே இல்லை. முன்பெல்லாம் விக்கலில் மறைந்துபோனது அன்றைக்கு ஒன்று விடாமல் தெரிந்தது. குடைகள் சாய்ந்ததுகூட.

"மானிட்டர் பழசு போல. ஓரம் தெரியல" என்றார் இவர்.

"இது என் கடை மானிட்டர் சார். போன மாசம் வாங்கினது."

கீழே ரோட்டில் பஸ்கள் போகிற சத்தம் மட்டும் மாடிக்கு வந்தது. அந்த அம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, சார் நெஜத்துல வண்டி ஏதாச்சும் ஓட்றாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவரே பெருமையாகச் சொன்னார். "ஸ்கூல் வேன். இருபத்திரெண்டு புள்ளைங்க."

அந்த அம்மா சிபியுவை மூடி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே, என்னிடம் மட்டும் சொல்வதுபோல, "மெஷின்ல இனிமே ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாம்பார், கோஸ் பொரியல். எப்போதும்போல ஊறுகாயை இடப்பக்கம் வைத்தேன். ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஊறுகா இல்லியா?"

நான் தட்டைப் பார்த்தேன். ஊறுகாய் அங்கேயே இருந்தது, எண்ணெய் ஒழுகிக்கொண்டு. தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தேன். ஊறுகாய் வலப்பக்கம் வந்தது.

"கேட்டாத்தான் வைப்பியா?" என்று சொல்லிவிட்டு விரலால் தொட்டு நக்கினார்.

நான் மோர் எடுக்கப் போவதுபோல எழுந்து போய் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேனில் பிள்ளைகள் ஏறுகிற கதவு, இறங்குகிற கதவு, எல்லாம் இடப்பக்கம்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "ஏங்க, ஒருவாட்டி கண் டாக்டரப் பாத்துட்டு வரலாமா?"

"கண்ணுக்கு இன்னா கொறச்சல்? வா இங்க." மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தூரத்தில் கேம்ப் ரோட்டில் போகிற பஸ்ஸின் நம்பரைப் படித்தார். சரியாகத்தான் படித்தார். எனக்கு அது பஸ் என்பதே மங்கலாகத்தான் தெரிந்தது. "போதுமா? லைசென்ஸ் புதுப்பிக்கறப்போ டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு. நீ வந்துட்ட."

அந்த டாக்டர் இவரைப் பார்க்கவே இல்லை. புரோக்கர்தான் தாளை வாங்கி வந்தார். அது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

சாயந்திரம் வேன்காரர் வீட்டுக்குப் போனேன். கேட்டருகே நின்று, சொல்ல வேண்டியதை மூணு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் சம்சாரம் வெளியே வந்து, "இன்னாக்கா, இந்தப் பக்கம்?" என்றார்.

"சும்மாதான். கொஞ்சம் கருவேப்பில கெடைக்குமா?"

ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு வீட்டுக்குத் திரும்பினேன். அதை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு அதற்கு முன்பு வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை இவர் வேன் எடுக்கப் போகும்போது நானும் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"எங்க?"

"ராஜகீழ்ப்பாக்கத்துல தங்கச்சி வீட்டுக்கு. வழியில எறங்கிக்கிறேன்."

முன்சீட்டில், அவருக்கு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா கதவோரம் இருந்தார். தெருத்தெருவாகப் பிள்ளைகள் ஏறினார்கள்.

"டேய், பாட்டி எல்கேஜி சேர வர்றாங்கடா!"

"பாட்டி, ஐடி கார்டு எங்க?"

"சும்மா இருங்கடா வாலுங்களா" என்று ஆயாம்மா அதட்டினார். இவரும் சிரித்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேம்ப் ரோடு வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் என் மனப்பிராந்திதானோ என்று நினைத்தேன். ராத்திரி பெய்த மழையில் ஓரமெல்லாம் தண்ணீர். அடுத்த நிறுத்தத்துக்காக வேனை இடப்பக்கம் ஒதுக்க ஆரம்பித்தார். அங்கே ஒரு சின்னப் பெண், ரெட்டைச் சடை, முதுகில் பை. தண்ணீரில் கால் படாமலிருக்க நடைபாதையை விட்டு ரோட்டில் ரெண்டு எட்டு வைத்து நின்றுகொண்டிருந்தாள். வேனைப் பார்த்து எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தாள்.

அவர் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். ஒரு மூச்சு நேரம் காத்திருந்தேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவருக்குத் தெரிகிறதா இல்லையா என்று பார்க்க, அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தேன்.

வேன் நேராக அவள்மேல் போனது.

"நிறுத்துங்க!"

அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அவர் கால் தன்னால் பிரேக்கை மிதித்தது. பிள்ளைகள் முன்னால் சரிந்து விழுந்தார்கள். பம்பருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே ஒரு நோட்டுப் புத்தகம் நுழையும் இடம் இருந்திருக்கும். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே சுற்றி வந்து வண்டியில் ஏறினாள். "குட் மார்னிங் அங்கிள்" என்றாள்.

இவர் தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பி அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அங்கதாங்க நின்னுது. நாம வர்றதுக்கு முன்னாடியே நின்னுது."

திரும்பி ரோட்டைப் பார்த்தார். வலது கால் பிரேக்கிலிருந்து எழவே இல்லை. அப்புறம் இஞ்சினை அணைத்தார். சாவியை உருவி என் கையில் வைத்தார்.

"அங்கிள், லேட்டாவுது. மிஸ் திட்டுவாங்க."

"ஓனருக்குப் போன் போடு" என்றார் என்னிடம்.

"நீங்க சொல்லுங்க."

"என்னால முடியாதுமே. நீ சொல்லு."

நான் பேசினேன். என்ன வார்த்தைகள் சொன்னேன் என்பது முழுக்க நினைவில்லை. "எங்க வூட்டுக்காரருக்கு லெப்ட் சைடு தெரியலைங்க. வேற ஆள அனுப்புங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணில் ஒன்றும் இல்லையாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் எப்போதோ ஒரு சின்ன ரத்தக் கட்டு வந்து போயிருக்கிறது என்றார். வலியில்லை, மயக்கமில்லை, யாருக்கும் தெரியவில்லை. அது பார்வையில் இடப்பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. "அங்க இருட்டாத் தெரியாதும்மா. அப்படி ஒரு பக்கம் இருக்குன்னே அவருக்குத் தோணாது" என்றார்.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறேன். இவர் அந்த நாற்காலியில் இன்னும் உட்காரவில்லை. காலையில் வேன் எங்கள் தெரு முனையைத் தாண்டும்போது ஹார்ன் அடிக்கும். ரெண்டு பேரும் அப்போது ஏதாவது வேலை பார்ப்போம்.

சாயந்திரம் கடைக்கு நடந்து போகிறோம். நான் அவருக்கு இடப்பக்கம். ரோட்டைக் கடக்குமுன் நின்று, "அங்க யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்பார். யாருமில்லை என்று சொல்வதற்கு முன்னால் ரெண்டு தடவை பார்க்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டுக் காலை எடுத்து வைக்கும்போது இன்னொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன்.