வாசல் மட்டும் இருந்த பெட்டி

வீரபாகுவுக்குக் கோபம் மூக்கு நுனியில். செட்டிகுளத்தில் அவனிடம் ரேடியோ திருத்த வருகிறவர்கள், "நேற்றுவரைக்கும் நல்லாப் பாடினது" என்று சொல்லி முடிக்குமுன்னமே ஏச்சு வாங்கிவிடுவார்கள். ஆனால் ஒருநாளும் கையை நீட்டமாட்டான். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்தில் அவர்களுடைய லய வீட்டை எரித்தவர்கள் தகப்பனை அடித்ததைச் சின்னப் பிள்ளையாக நின்று பார்த்தவன். அடித்தவர்களைவிட, அடி வாங்கியபடி கும்பிட்ட தகப்பன்மேல்தான் அவனுக்கு ஆத்திரம் அதிகம்.

இரண்டாயிரமாம் ஆண்டு, வவுனியாவில் கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் கடை வைத்திருந்த ஜெகதீஸ்வரி ஒரு கணினி வாங்கினார். கொழும்பில் பாகம் பாகமாகப் பூட்டி, சீல் ஒட்டி அனுப்பிய பெட்டி. கலியாண வீடியோவை அதில் போட்டால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் விக்கி விக்கி நடந்தார்கள். படத்தைச் சீராக ஓட்டும் கிராபிக்ஸ் காட் ஒன்றை உள்ளே போட்டால் சரிவரும் என்று யாரோ சொல்ல, வீரபாகுவைக் கூப்பிட்டார்.

"இந்தப் பெட்டிக்கு அது சரிவருமோ எண்டு பார் தம்பி."

"கழட்டினாத்தான் அக்கா தெரியும்."

"சீலை உடைச்சா பிறகு பழுதுக்குப் பொறுப்பெடுக்க மாட்டாங்கள். வெளியாலை பார்."

பெட்டியின் முதுகில், தகடு மூடிய நீளமான இடைவெளி ஒன்று இருந்தது. வாசல் இருந்தால் வீடும் இருக்கும்தானே.

"இடம் கிடக்கு. போடலாம்" என்றான்.

ஷெல் விழுந்த வளவுகளில் வாசல் நிலை மட்டும் தனியே நிற்பதை எத்தனையோ தரம் பார்த்த மனுசன் சொன்ன பேச்சு அது.

காட் ரயிலில் வந்தது. ஸ்டேசனில் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பியவனைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்தார்கள். பையைக் கொட்டியதும் சில்லுகள் பதித்த பச்சைப் பலகை விழுந்தது. தோளில் தொங்கிய துவக்குகள் அவனை நோக்கி நிமிர்ந்தன.

"குண்டுச் சாமான்!"

முதல் அடி துவக்குப் பிடியால் வாயில். விழுந்தவனைச் சப்பாத்துக் கால்கள் சூழ்ந்துகொண்டன. விலாவில் ஒன்று முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. "கொம்பியூட்டர்... கொம்பியூட்டர்" என்று இரத்தத்தோடு துப்பினான். தன் கைகள் இரண்டும் கும்பிட்டுக் கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டான்.

கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி அவனைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கினான்.

"போட்டுக் காட்டு. வேலை செய்யாட்டி நீ வீட்டுக்குப் போறது இல்லை."

கடைக்கு இழுத்து வந்தார்கள். குறுக்கே வந்த ஜெகதீஸ்வரியை ஒருவன் தள்ள, அவர் அலுமாரிக் கண்ணாடியோடு சரிந்தார். இன்னொருவன் கத்தியால் சீலைக் கிழித்து மூடியைப் பிய்த்தான்.

வீரபாகு குனிந்து பார்த்தான். முதுகில் இடைவெளி இருந்தது. அதற்கு நேரே, காட்டைச் செருகும் பொருத்தி இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாக ஊசித் துளைகள் மட்டும். செலவு மிச்சம் என்று பொருத்தியை வைக்காமலே விட்டிருந்தார்கள். வாசல் இருந்தது, வீடு இல்லை.

பிடரியில் துவக்குக் குழல் முட்டியது. பயத்தைவிடத் தன்மேல் பொங்கிய கோபம்தான் பெரிது. "மடையா, கழட்டிப் பாத்திருக்கலாமே!" அந்தக் கோபமே கைக்கு ஒரு வழி காட்டியது. காட்டை இடைவெளிக்குள் விட்டு, ஒற்றைத் திருகாணியால் பெட்டியின் முதுகோடு முறுக்கினான். உள்ளே அது எதிலும் தொடாமல் தொங்கியது. மூடியைப் போட்டான். புதுக் காட்டில் குத்தவேண்டிய திரை வயரை, ஒன்றும் தெரியாதவன்போல, காட் இல்லாமலே படம் காட்டிய பழைய இடத்திலேயே குத்தினான். சுவிட்சை அமத்தினான்.

திரை கறுப்பாகவே கிடந்தது. பின்னால், சுடுவதற்குத் துவக்கை இழுத்துக் கொளுவும் சத்தம் கேட்டது. வீரபாகு கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது திரையில் வெளிச்சம். கலியாண வீடியோவைத் தட்டினான். பொம்பிளை விக்கி விக்கி மணவறைக்கு வந்தாள். அதிகாரி திரையைப் பார்த்தான், முதுகில் பளபளத்த புதுத் தகட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு சிரித்தான். போகும்போது ஒருவன் அதே விலாவில் இன்னொரு உதை விட்டுவிட்டுப் போனான்.

ஜெகதீஸ்வரி கையில் குத்திய கண்ணாடியைப் பிடுங்கியபடி எழும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னும் விக்கிறாளே தம்பி. காட் வேலை செய்யேல்லையோ?"

வீரபாகு உடைந்த பல்லை உள்ளங்கையில் துப்பினான்.

"அது தன்ரை வேலையைச் செய்திட்டுது அக்கா. கழட்டிப்போடாதேங்கோ."